நடந்து பழுத்த பீச்

என் வீட்டுக்காரருக்குத் தலைத் திவசம் நெருங்கியபோது, பார்க்கிறவர்கள் எல்லாம் படையலுக்கு என்ன சமைக்கப் போகிறாய் என்றுதான் கேட்டார்கள். சமையல் எனக்குக் கவலையே இல்லை. அவருடைய வேப் ஜூஸை எங்கே தேடுவது என்பதுதான் கவலை.

சிகரெட் பிடித்தவர்களின் சமாதியில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து வைக்கிறார்கள். யாரும் தப்புச் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் மான்சிக், சிகரெட்டை விட்டு, வாசனை ஜூஸ் ஊற்றி மின்சாரத்தில் ஊதும் வேப் குழலுக்கு மாறிக் கடைசி வரை அதையே ஊதிக்கொண்டிருந்தவர். பீச் பழ வாசனை. வீடு முழுக்க அந்த மணம்தான் இருக்கும், சோறு வேகும்போதுகூட. அவர் போன பிறகு கொஞ்ச காலம் ஜன்னல் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்து திரையைத் துவைத்ததோடு அதுவும் போய்விட்டது.

திவசத்தன்று அவர் வரும்போது வீடு அவர் வீடு மாதிரி மணக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். எங்கள் அடுக்குமாடியில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். உயிரோடு இருந்தபோதே பக்கத்து வீட்டுக் கதவில் எங்கள் பூட்டு எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, ஏன் எண்ணை மாற்றினாய் என்று எனக்குப் போன் போட்டுத் திட்டியவர் அவர்.

எங்கள் ஊர் ஜோச்சிவோன். கோடை வந்தால் ரோட்டோரம் பூராவும் பெட்டி பெட்டியாகப் பீச். ஆனால் அந்தப் பழம் படையலில் மட்டும் ஏறக்கூடாது. பீச் இருக்கும் இடத்துக்கு ஆவி வராது, மிரண்டு ஓடிவிடும் என்பார்கள். பீச் தோப்பில் பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "அப்ப நான் செத்தா ஊருக்குள்ளயே கால் வைக்க முடியாதே. பஸ் ஸ்டாண்டுலயே நிக்கணுமா?"

அவர் ஜூஸ் வாங்கியது ஸ்டேஷன் எதிரில் ப்யோ நடத்தும் 'மேகத் தோட்டம்' கடையில். ப்யோ அதற்கு முன்னால் அதே இடத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். கேசட் போய் வேப் வந்தது, அலமாரி மாறவில்லை. ஜூஸ் பாட்டில்கள் 'புது வரவு', 'திகில்', 'குடும்பத்துடன்' என்று எழுதிய தட்டுகளிலேயே இருக்கும். பீச் 'குடும்பத்துடன்' தட்டில். புதினா 'திகில்' தட்டில். அங்கே போனால் பாக்கெட் காபி ஒன்று இலவசம், பேச்சு வேண்டிய மட்டும். இவர் அவரைத் தம்பி என்பார், அவர் இவரை அண்ணே என்பார். இரண்டு பேருமாக மத்தியானத்தைக் கரைப்பார்கள்.

இதில் மண்ணைப் போட்டது எங்கள் மகள் சேபோம். சியோலில் வேலை பார்க்கிறாள். எதையும் கடையில் வாங்கிப் பழக்கமில்லை.

"அதே பீச்சுதாம்பா. ஆன்லைன்ல பாதி விலை. விடியறதுக்குள்ள வாசல்ல இருக்கும். எதுக்குக் கடைக்கு நடக்கிறே?"

"ஆன்லைன்காரன் காபி தருவானா?"

"காபியும் ஆர்டர் பண்ணித் தரேன்."

பெண் கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு பெட்டி வந்து இறங்கியது. ப்யோவைப் பார்க்காமலும் இருக்க முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் அன்றைக்கு வேண்டிய ஆன்லைன் ஜூஸை ப்யோ கடைப் பழைய பாட்டிலில் ஊற்றி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ப்யோ கடைக்கே போவார். தம்பி மனசு நோகக் கூடாதாம்.

முதல் நாள் காலையில் ஊதிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது பீச்சே இல்ல. காய். பச்சைக் காய்." சாயங்காலம் கடையிலிருந்து திரும்பி வந்து, அதே பாட்டில், அதே குழல், ஊதினார். வீடு மணத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப பாரு. பழுத்துடுச்சு."

தினமும் இதே கதை. காலையில் காய், சாயங்காலம் பழம். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஆன்லைன் ஜூஸ் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடப்பதால் காயாக இருக்கிறது. சட்டைப் பையில் போட்டு ஸ்டேஷன் வரை நடந்து திரும்பினால், உடம்புச் சூட்டிலும் ஆட்டத்திலும் பழுத்துவிடுகிறது. "பீச்சுல பொறந்தவன் சொல்றேன், கேட்டுக்கோ. இது நடந்து பழுக்கிற ஜாதி."

அவர் சொல்லச் சொல்ல நான்தான் அந்த ஆன்லைன் கடைப் பக்கத்தில் கருத்து எழுதினேன். 'அருமையான ஜூஸ். உபயோகிக்கும் முன் பையில் வைத்து ஊரைச் சுற்றி வரவும்.' ஐந்து நட்சத்திரமும் போட்டேன். அது எங்கெங்கோ பரவிவிட்டது. ஒருவர், 'மலையேறிப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை' என்று எழுதினார். இன்னொருவர் நாயின் கழுத்தில் கட்டி அனுப்பிப் பார்த்தாராம்; நாய்க்குத்தான் பசி எடுத்ததாம். கடைக்காரர்கள் விடுவார்களா? அடுத்த மாதமே விளம்பரத்தில் 'நடந்து பழுக்கும் பீச்' என்று போட்டுவிட்டார்கள்.

சரி, திவசத்துக்கு வருகிறேன். அதே ஆன்லைன் பீச்சை வரவழைத்தேன். குழலில் ஊற்றி ஊதிப் பார்த்தேன். காய். பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். சந்தை வழியாக ஸ்டேஷன் வரை போய், ப்யோ கடை கண்ணில் படுமுன் திரும்பினேன். அவரை ஏமாற்றியவரின் மனைவியாக அவர் முகத்தில் எப்படி விழிப்பது? வீட்டுக்கு வந்து மறுபடி ஊதினேன். காய்தான். மறுநாள் வேகமாக நடந்தேன். அதற்கடுத்த நாள் அவருடைய கோட்டையே போட்டுக்கொண்டு நடந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

இதற்கு நடுவில் என் கொழுந்தனார் ஜுன்சிக் வந்தார். குலச் சங்கத்தின் செயலாளர். எந்தப் பழம் எந்தத் திசையில் என்று மனப்பாடமாகச் சொல்வார். மேசையில் இருந்த பாட்டிலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"அண்ணி, இதுல பீச் படம் போட்டிருக்கு."

"வாசனை மட்டும்தான் தம்பி."

"ஆவிக்கு வாசனைதானே சாப்பாடே."

அவர் சங்கத்துக்குப் போன் போட்டார். அங்கே பெரியவர்கள் கூடிப் பேசி, முன்னுதாரணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சேபோம் போனில் குறுக்கே வந்தாள். "சித்தப்பா, இதுல பீச்சே கிடையாது, எல்லாம் ரசாயனம். நான் கடைக்காரன்கிட்டயே எழுதி வாங்கித் தரேன்." ஆன்லைன் கடையின் கேள்வி பதில் பகுதியில், 'உங்கள் ஜூஸில் நிஜமான பீச் உண்டா?' என்று கேட்டாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'அன்பான வாடிக்கையாளரே, கவலையே வேண்டாம்! நூற்றுக்கு நூறு நிஜப் பீச்சின் உயிரோட்டம்!' பக்கத்தில் ஒரு இதயம்.

ஜுன்சிக் அதை இரண்டு தரம் படித்தார். "உயிரோட்டம்னே போட்டிருக்கான்," என்றார். பீச் கதை அங்கே முடிந்தது.

சேபோம் அன்றே திராட்சை ஜூஸ் ஆர்டர் போட்டாள். விடியுமுன் வாசலில் கிடந்தது. திராட்சையில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. என்னைத் தவிர. அவர் திராட்சையைத் தொடவே மாட்டார். இருமல் மருந்து நினைவு வருகிறது என்பார்.

திவசத்துக்கு முந்தின நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ப்யோ கடைக்குப் போனேன். ஜூஸ் கேட்க அல்ல. சிநேகிதரை அழைக்காமல் எப்படித் திவசம் செய்வது? கடை அப்படியே இருந்தது. மாடிக் கழிவறைச் சாவி, பெரிய மரச் சோற்றுக் கரண்டியில் கட்டி, கதவருகே தொங்கியது. கடை திறந்தபோது யாரோ கொடுத்த தொட்டிச் செடி மட்டும் பட்டுப்போய், குச்சியில் பழைய ரிப்பனோடு நின்றது.

ப்யோ காபி கலக்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு வாங்க. இருட்டறதுக்கு முன்னாடியே வச்சிருக்கோம், எங்க கொழுந்தனார் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணுமாம். அவரோட குழலும் படையல்ல வைக்கிறேன்."

"நல்லது அண்ணி. என்ன ஜூஸு ஊத்தறீங்க?"

"திராட்சை. ஆன்லைன்ல பொண்ணு வாங்கினா."

ப்யோ காபியைக் கீழே வைத்தார். அண்ணனுக்கு ஊசிப்போன சோறு போடுகிறேன் என்று நான் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். "திராட்சையா," என்றார்.

மறுநாள் சீக்கிரமே வந்துவிட்டார், கோட்டும் டையுமாக. பெரிய அறையில் படையல். சோறு, சூப், மீன், இறைச்சி எல்லாம் ஜுன்சிக் சொன்னபடி. முன்வரிசையில் இலந்தை, கஷ்கொட்டை, பேரிக்காய். ஓரத்தில் தனியாக வேப் குழல், திராட்சை வயிற்றோடு. விழுந்து கும்பிட்டோம். சாராயம் வார்த்தோம். போனவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். திரும்ப நுழையுமுன் தொண்டையைக் கனைக்க வேண்டும், சாப்பிடுகிறவர் திடுக்கிடாமல் இருக்க. கூடத்தில் தலைகுனிந்து நின்றோம். ப்யோ இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

நேரம் ஆனதும் ஜுன்சிக் கதவருகே போய், மரியாதையாகக் கனைத்தார்.

உள்ளே இருந்து யாரோ கனைத்தார்கள்.

ஜுன்சிக் என்னைப் பார்த்தார். நான் சேபோமைப் பார்த்தேன். அவர் மறுபடி, முன்னைவிட மெல்லக் கனைத்தார். உள்ளே இரண்டு கனைப்பு, பின்னாலேயே நெஞ்சைப் பிளக்கிற இருமல். முதல் இழுப்பில் என் வீட்டுக்காரர் இருமுகிற அதே இருமல். சேபோம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயம் வரவில்லை. கதவிடுக்கு வழியாக மணம் வந்தது. காய் இல்லை, திராட்சை இல்லை. சாயங்காலம் அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது வருமே, அது.

ஜுன்சிக் அப்படியே மண்டியிட்டார்.

"அண்ணே. உங்க மீன் தூண்டில நான்தான் எடுத்துட்டுப் போனேன். அண்ணிக்குக்கூடத் தெரியாது. நாளைக்கே கொண்டாந்து வச்சிடறேன். கோவிச்சுக்காதீங்கண்ணே."

உள்ளே இருந்து, "எந்தத் தூண்டில்?" என்று குரல் வந்தது.

சேபோம் கதவைத் திறந்துவிட்டாள். அறையெல்லாம் வெள்ளைப் புகை. புகைக்கு நடுவில், படையலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு, ஒரு கையில் குழலும் ஒரு கையில் சின்ன பாட்டிலுமாக ப்யோ. அறையோடு சேர்ந்த கழிவறைக்குப் போயிருந்தாராம். வெளியே வந்தால் ஒருவரையும் காணோம்.

"மன்னிச்சிடுங்க," என்றார். "திராட்சைய மாத்திட்டேன். அண்ணன் அதக் குடிக்க மாட்டாரு. மாத்தினா ஒரு தரம் இழுத்துப் பாக்கணும், பழக்கம்."

"என்ன பழக்கம்?" என்றேன்.

ப்யோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவரு பையில ஆன்லைன் ஜூஸு இருந்தது முதல் நாளே தெரியும் அண்ணி. கதவத் திறக்கிறப்பவே நாறும். என் பாட்டில்ல வேற ஊத்திக் கொண்டாருவாரு. பாக்கவே பாவமா இருக்கும். அவருக்கு அடிக்கடி மாடிக் கழிவறைக்குப் போகணுமே. பாட்டில மேசையில வச்சிட்டு, சாவிக் கரண்டிய எடுத்துட்டுப் படியேறி இறங்கறதுக்குள்ள, பாட்டில்ல இருக்கிறதக் கொட்டிட்டு என்னோடத ஊத்தி வச்சிடுவேன். தினமும்."

"கொட்டினது எங்க?"

"செடித் தொட்டியில."

சேபோம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். தோள் குலுங்கியது. எனக்கு அந்த ஐந்து நட்சத்திரம் நினைவு வந்தது. மலையேறின மனுஷன். அந்த நாய்.

ஜுன்சிக் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். குரல் திரும்பவும் செயலாளர் குரலாகிவிட்டது. "அதெல்லாம் இருக்கட்டும். பீச்சை உள்ள கொண்டாந்துட்டீங்களே. இப்ப அண்ணன் எப்படி வருவாரு?"

"பீச்சா?" என்றார் ப்யோ. "இதுல எங்க பீச்சு? பேரிக்காய்ங்க இது."

எல்லோரும் அந்தப் பாட்டிலைப் பார்த்தோம்.

"அவரு மொத நாள் கடைக்கு வந்து பீச்சு கேட்டாரு. அன்னிக்குத் தீந்துபோச்சு. வந்த ஆள விட மனசில்ல, பேரிக்காயக் குடுத்தேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு. ஒரு இழுப்பு இழுத்தாரு. 'தம்பி, நான் பீச்சுத் தோப்புல பொறந்தவன், என்னை எவனும் ஏமாத்த முடியாது, இதான் பீச்சு'ன்னாரு. அப்புறம் எப்படிங்க சொல்றது?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு. கண்ணில் தண்ணீர் வந்தது, எதனாலோ.

ஜுன்சிக் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு ப்யோ கையிலிருந்த வேப் குழலையும் வாங்கி, குனிந்து, முன்வரிசையில் பேரிக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

"பேரிக்காய்னா பழ வரிசையிலதான் இருக்கணும்," என்றார்.

மறுபடி கும்பிட்டோம். ப்யோவும் எங்களோடு விழுந்து கும்பிட்டார். முடிந்ததும் ஜுன்சிக் ஜன்னலைத் திறக்கப் போனார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் தம்பி," என்றேன்.

"மூடியே வச்சா அண்ணன் எப்படிக் கிளம்புவாரு அண்ணி?"

ப்யோ குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவரு எங்க போகப் போறாரு. போனாலும் மாடிக்குத்தான். சாவி என்கிட்ட இருக்கு."