புள்ளியியலில் ஒரு டி

டீனின் மகள் புள்ளியியலில் டி வாங்கியிருப்பதைத் திரையில் பார்த்த அன்று, நான் எழுந்து போய் ஒரு காபி கலந்துகொண்டு வந்து, நிதானமாக உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். நல்ல செய்தியை ஒரு தடவை பார்த்தால் போதுமா?

என் வேலை இதுதான். பிபிஏ கடைசி வருடப் பிள்ளைகள் பட்டம் வாங்கத் தகுதியானவர்களா என்று பாடம் பாடமாகப் பார்த்து, சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் செக்போஸ்ட். என் காதுபடவே சொல்வார்கள். நானும் கண்டுகொள்வதில்லை. செக்போஸ்ட் இருக்கிறது என்று தெரிந்தால்தானே வண்டியை ஒழுங்காக ஓட்டுவார்கள்?

பிபிஏவில் பாதிக்குப் பாதி மையப் பாடங்கள். கணக்கியல், வணிகச் சட்டம், புள்ளியியல் மாதிரியானவை. எந்தப் பாடத்தில் டி வாங்கினாலும் தேர்ச்சிதான். திரையில் பச்சையாகத் தெரியும். ஆனால் மையப் பாடத்தில் வாங்கிய டி பட்டத்துக்குச் செல்லாது. குறைந்தது சி வேண்டும். பச்சையைப் பார்த்துவிட்டுப் பார்ட்டிக்குக் கிளம்புகிற பிள்ளை விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்குமா? வருடா வருடம் யாராவது இதில் விழுவார்கள். அதிலும் புள்ளியியல் வகுப்பு வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அதை விட்டால் ஒரு வருடம் போச்சு.

அதனால் எனக்கு ஒரு பழக்கம். கடைசி வருடம் தொடங்கும் முன்பே, மையப் பாடத்தில் டி வாங்கிய ஒவ்வொரு பிள்ளையையும் போனில் கூப்பிடுவேன். "பச்சையைப் பாத்து ஏமாந்துடாதே, மறுபடி சேந்து எழுது" என்பேன். இதைச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை. மேலதிகாரி யாரும் கேட்டதில்லை. என் அக்காவுக்கு அப்படி ஒரு போன் வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

அக்கா இதே கல்லூரியில் பிபிஏ படித்தவள். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. பட்டம் கைக்கு வந்ததும் சேர வேண்டியதுதான். அப்பா தெருவில் யாரையும் விட்டுவைக்கவில்லை. சலூன்காரர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு மாமி, எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அக்கா பட்டமளிப்புக் கறுப்பு அங்கியைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் நின்ற அதே வாரத்தில்தான், அவள் பெயர் இல்லை என்று தெரிந்தது. புள்ளியியலில் டி. அந்த விதி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கொண்டுவந்தவர் புள்ளியியல் எடுத்த ஆசிரியர். அவர்தான் இன்றைக்கு டீன்.

அக்கா அவர் அறைக்குப் போனாள். வாசலில் நான் நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"சார், பாஸ்னுதானே போட்டிருக்கு? இப்ப ஒரு மறுதேர்வாவது வைங்க சார். வேலை போயிடும்."

"தேர்ச்சி வேற, தகுதி வேற. அடுத்த வருஷம் வா."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா எவ்வளவோ நேரம் நின்றாள். உட்கார் என்றுகூட அவர் சொல்லவில்லை. அடுத்த வருடம் வருவதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அக்கா ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள், தரைத்தளப் பொறுப்பாளராக. நாள் முழுக்க நிற்கிற வேலை. அவள் வேலை கற்றுக்கொடுத்த பொடியன்கள் எல்லாம் கிளை மேலாளர் ஆகிவிட்டார்கள். இவளுடைய முறை வரும்போது மட்டும் "பட்டம் இருக்கா?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு பாடம் பாக்கி என்றால் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து படிக்கலாம், அதற்கும் விதி இருக்கிறது. ஆனால் அக்கா அந்த வாசலைத் தலைமுழுகிவிட்டாள். "அந்த ஆளு முகத்துல முழிக்க மாட்டேன்டி" என்று ஒரே பிடிவாதம். நான் மட்டும் முழித்துக்கொண்டிருந்தேன், தினமும், வணக்கம் சார் என்று சொல்லிக்கொண்டு.

இப்போது புரியும், அந்தக் காபி ஏன் அவ்வளவு ருசித்தது என்று.

அந்த வருடமும் எல்லோரையும் போனில் கூப்பிட்டேன். டீனின் மகளை மட்டும் விட்டுவிட்டேன். பொய் சொல்லவில்லை, எதையும் மாற்றவில்லை, மறைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவே டீன், அவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். சொந்தப் பெண்ணுக்குத் தானே மதிப்பெண் போடக்கூடாது என்று அவளை வேறொரு ஆசிரியரின் பிரிவில் போட்டிருந்தார். அவளோ புள்ளியியல் வாத்தியார் வீட்டில் போய் டி என்று எப்படிச் சொல்வாள்? "பாஸ் ஆயிட்டேன்பா" என்று பூசி மெழுகியிருக்கிறாள். அவர் போட்ட விதி அவர் வீட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசிப் பருவ முடிவுகள் வந்த பிறகு அவள் என் கவுண்டருக்கு வந்தாள். ஒல்லியான பெண், கையில் தண்ணீர் பாட்டில், கண் சிவந்திருந்தது.

"மேடம், என் பேர் இல்லைங்கறாங்க. எனக்கு வேலை ஆர்டர்கூட வந்துடுச்சு."

"மையப் பாடத்துல டி செல்லாது. விதிப்புத்தகத்துல இருக்கு."

"எல்லாருக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்வீங்களாமே மேடம். எனக்கு மட்டும் ஏன் பண்ணல?"

"அது என் வேலை இல்லம்மா."

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் காபியை எடுத்துக் குடித்தேன். அவள் போன பிறகு, இனி அப்பன் வருவான் என்று காத்திருந்தேன்.

வந்தார். இத்தனை வருடத்தில் என் கவுண்டர் பக்கம் அவர் வந்ததே இல்லை; எதுவானாலும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். மதிய உணவு நேரம், கூடத்தில் ஆள் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் நிற்கிற இடத்தில் நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை. அங்கே நாற்காலியும் கிடையாது.

"என் பொண்ணு விஷயம்... கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு விலக்கு மாதிரி எதாவது..."

"ஒரு ஆளுக்குன்னு விலக்கு கொடுக்க முடியாது சார். நீங்க எழுதின விதிதானே? கொடுத்தா, அதே மாதிரி நின்ன எல்லாருக்கும் கொடுக்கணும்."

"எல்லாருக்கும்னா?"

"எத்தனை வருஷம் ஆனாலும்."

விலக்குக் குறிப்பு கிளம்ப வேண்டியது என் கவுண்டரிலிருந்து. பெண்ணின் அப்பா அவர், அவர் எழுத முடியாது. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கல்விக் குழுவில் தலையாட்டுவார்கள். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சரி. எல்லாருக்குமே போடுங்க" என்றார்.

"எங்க அக்காவும் அதுல வருவா சார். புள்ளியியல்ல டி. உங்ககிட்டதான் வந்து நின்னா. வேலை போயிடும்னு கெஞ்சினா."

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் கொடுமை.

"எத்தனையோ பேர் வருவாங்கம்மா. ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையாம்! எங்கள் வீட்டில் அந்த நாளைப் பேசாத மாதம் கிடையாது. அப்பா வாய் கோணிப்போய்ப் படுத்துக்கொண்டும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு அது ஒரு விடைத்தாளைத் திருப்புகிற நேரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கண்ணாடி மட்டும் இல்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் அடக்கிக்கொண்டேன். நான் நினைத்தது நடக்கிறதே! அவர் கையாலேயே அக்காவுக்குப் பட்டம். கிளை மேலாளர் இடமும் இப்போது காலியாக இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

குறிப்பை அடித்து எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், நேராக அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் முன்னால் போட வேண்டும் என்று ஆசை. அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். காபி குடித்ததிலிருந்து, அவர் கண்ணாடிக்கு வெளியே நின்றது வரைக்கும். அக்கா சிரிப்பாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு நீ ஏன் போன் பண்ணல?" என்றாள்.

"என்னக்கா கேக்குற? உனக்காகத்தான்!"

"எனக்காக எவ வயித்துலயோ அடிச்சியா? அவ என்னடி பண்ணா? என்னை மாதிரியே ஒரு வேலையையும் விட்டுட்டு நிக்கிறா. அந்த ஆளைப் பழி வாங்கணும்னா அந்த ஆளைப் பிடி. பக்கத்துல நின்ன புள்ளையையா பிடிப்ப?"

"அதான் இப்ப எல்லாருக்கும் கிடைக்கப்போகுதே! உனக்கும்தான். நான் கையெழுத்துப் போட்டா போதும்."

"போடாதே."

"அக்கா!"

"அவன் பொண்ணுக்குன்னு கதவைத் தொறப்பான், நான் அவ பின்னாடியே குனிஞ்சு நுழையணுமா? செத்தாலும் மாட்டேன். அப்புறம் வாழ்நாள் பூரா, பாவம்னு ஒரு பட்டம் போட்டுக் கொடுத்தேன்னு நினைச்சுக்குவான். இல்ல, அதையும் மறந்துடுவான்."

அக்கா காலை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பாடத்தை இப்ப யார் எடுக்குறா?"

"அவரேதான். இன்னொருத்தர் இருந்தாரு, விட்டுட்டுப் போயிட்டாரு. இந்த வருஷம் ஒரே பிரிவுதான். அவர் பொண்ணு மறுபடி சேர்ந்தாக்கூட அவர் வகுப்புலதான் உக்காரணும், பேப்பரை மட்டும் வேற ஆளு திருத்துவாங்க."

"காலையிலயா?"

"காலையிலதான். முதல் வகுப்பு."

"அப்ப சரி. எனக்கு மதியம்தான் டியூட்டி."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இத்தனை வருடமாக நான்தான் பழிவாங்கக் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நானெல்லாம் எம்மாத்திரம்!

அப்பன் தயவில் இல்லாமல் அவளும் படித்தே வாங்கட்டும் என்று, அந்தப் பெண்ணை அப்போதே, தன் முன்னாலேயே, போனில் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன். விலக்கு கிடைக்காது, அடுத்த பருவத்தில் மறுபடி சேர்ந்துவிடு என்றேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மேடம்?"

"சொல்லியிருக்கலாம். என் மேல தப்பு" என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் டீனிடம் குறிப்பு அனுப்பவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்கிறாள் என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகளுக்காக விதியை வளைக்க நினைத்தவர், அதை இன்னொரு தடவை வாய்விட்டுக் கேட்க முடியாமல் திரும்பிப் போனார்.

புதிய பருவத்தின் முதல் வகுப்பு. எனக்கு அந்த மாடியில் ஒரு வேலையும் இல்லை. அறிவிப்புப் பலகையில் எதையோ ஒட்டுகிற சாக்கில் போய் நின்றேன். அக்கா முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்மார்க்கெட் சீருடை, சட்டைப்பையில் பெயர் அட்டை, புது நோட்டு. சுற்றிலும் அவளுக்குப் பிள்ளைகளாகிற வயதுப் பையன்களும் பெண்களும். கதவு சாத்துகிற நேரத்தில் டீனின் மகள் ஓடிவந்து, இடம் தேடி, காலியாக இருந்த அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் பக்கத்தில் என்று அவளுக்குத் தெரியாது. பேனாவைத் தேடிப் பையைக் குடைந்தாள். அக்கா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

டீன் வந்தார். முதலில் மகளைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். வருகைப் பதிவை எடுத்தார். அங்கே பெயர் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, பதிவெண்தான். எல்லா எண்ணும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி ஓடின. திடீரென்று ஒன்றில் நின்றார். பழைய எண். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தைய வருடத்தில் தொடங்குகிற எண். வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

அக்கா எழுந்தாள்.

"நீங்க...?" என்றார்.

"அடுத்த வருஷம் வான்னு சொன்னீங்க சார். வந்துட்டேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். டீன் சிரிக்கவில்லை. அவருக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. அந்த முகத்தில் அது வந்து உட்காருவதை நான் வாசலில் நின்று கண்குளிரப் பார்த்தேன். அவருடைய மகள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், பிறகு கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

"உட்காருங்க" என்றார் டீன். மறுபடியும் சொன்னார். "தயவுசெஞ்சு உட்காருங்க."

"பரவாயில்ல சார். நிக்கிறது எனக்குப் பழக்கந்தான். நீங்க நடத்துங்க."

அவர் பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தார். வகுப்பு முடிகிற வரைக்கும் அக்கா உட்காரவே இல்லை.