உங்களை நம்பி யாராவது உண்டா?

இந்த வருஷம் வருமான வரிக் கணக்கை நானே தாக்கல் செய்துகொள்கிறேன் என்று ஆடிட்டரிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாலு தாளைப் புரட்டுவதற்கு மனுஷன் கட்டணத்தை இரண்டு மடங்காக்கியிருந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினெட்டுப் பேரைக் கட்டி மேய்க்கிறவள் நான். ஒரு படிவத்துக்கா பயப்படப் போகிறேன்?

கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. போன வாரம் அது என் தம்பியைப் பதம் பார்த்தது. அவன் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியை மூடிவிட்டார்கள். பதினாலு மாதமாக என் வீட்டில்தான் இருக்கிறான். வேலை கேட்டு அவன் ஏறி இறங்காத இடமில்லை. அது தெரிந்தும், நான் களைத்து வந்த ஒரு சாயங்காலம் ஏதோ அற்பக் காரணத்துக்கு "தண்டச்சோறு" என்றுவிட்டேன். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. திட்டத்தான் அது நன்றாக எழும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். மென்பொருள் உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. பக்கத்துக்கு ஒரே கேள்வி, கீழே ஒரு பச்சைப் பொத்தான். மூன்றாம் பக்கத்தில் சம்பளச் சான்றிதழை ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"டேய், இங்க கொஞ்சம் வாயேன்."

வந்தான். நின்றபடியே பார்த்தான். "ஃபைல் பெரிசா இருக்குக்கா. சின்னதாக்கிப் போடணும்."

ஒரு வாரத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம். விடுவேனா? தெரிந்ததையும் தெரியாத மாதிரி கேட்டேன். "இது என்னடா கேக்குது?"

"உன் பொறந்த தேதி. அதுவுமா மறந்துபோச்சு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அடுத்த பச்சைப் பொத்தானை அமுக்கியதும் அந்தக் கேள்வி வந்தது. 'உங்கள் வருமானத்தை நம்பி உங்களோடு வசிப்பவர் யாராவது உண்டா? இருந்தால் வரிச்சலுகை பெறலாம்.'

சட்டென்று 'இல்லை' என்பதை அமுக்கினேன்.

"ஏன்க்கா இல்லைன்னு போட்ட?"

"பின்ன யாரு இருக்கா? நீ இன்னிக்கோ நாளைக்கோ வேலைக்குப் போயிடப்போற. கேக்குது பாரு கேள்வி!"

"கடைசில எல்லாம் உண்மைன்னு உறுதி கொடுக்கணும். பொய்யைச் சொல்லிட்டுக் கொடுப்பியா?"

"எனக்கு ஒரு சலுகையும் வேணாம், போடா."

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். முந்தைய பக்கத்துக்குப் போய் 'ஆம்' என்று மாற்றினான். தன் பெயரைத் தானே அடித்தான். உறவு: தம்பி. வருமானம்: பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை அவன் தயங்காமல் அடித்தான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

அடுத்த பக்கம் வந்தது. 'இந்த ஆண்டு முழுவதும் இவரைப் பராமரித்தது நீங்கள்தானா?'

அவன் கையை எடுத்துவிட்டான். நான் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சோறு போட்டேன்டா. பராமரிச்சேன்னு சொல்ல வாய் வரல. அன்னிக்கு நான் அப்படிப் பேசினது தப்பு. ரொம்பத் தப்பு."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லக் கூடாதுக்கா, நான்தான் சொல்லணும்" என்று சொல்லி, அவனே 'ஆம்' என்பதை அமுக்கினான்.