மிலாறு போட்டு மூடிய கரை

பெரிய ஆள் யாராவது வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் முதலில் தேடப்படுவது விளக்குமாறுதான். துரை வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, முந்தின நாளே தண்ணீர் ஓடும் கான் வெட்டி, வாசல் கூட்டி, சாணி தெளித்து வைத்துவிட வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தானாகப் போய் மண்வெட்டியைப் பிடிக்கும். அந்தப் பாழாய்ப்போன கைதான் வேலாயியைக் கவிழ்த்தது.

ராகலைக்குக் கீழே, ஓடையை ஒட்டினாற்போல் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு பத்துக் காம்பரா லயம். அதில் கடைசிக் காம்பரா வேலாயியுடையது. ஐம்பத்துமூன்று வயசு. கொழுந்து எடுப்பதிலும் வாயாடுவதிலும் அந்த டிவிசனில் அவளை மிஞ்ச ஆளில்லை. புருசன் மாயாண்டிக்கு ரெண்டு வருசத்துக்கு முன்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கட்டிலோடு சரி. அவருக்குச் சோறு ஊட்டி, துடைத்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடுவாள்.

போன கார்த்திகைப் புயலில் மேல்மலை சரிந்து, மண்ணும் பாறையும் மரமுமாக ஓடையை அடைத்துவிட்டது. தண்ணீர் சும்மா இருக்குமா? தன் வழியை விட்டு லயத்துப் பக்கம் திரும்பி, கரையை அடியிலிருந்து அரித்துத் தின்றது. வேலாயியின் பின்சுவருக்கு ஆறடி தள்ளி ஒரு வெடிப்பு விழுந்தது. காலை விட்டால் முழங்கால் வரை உள்ளே போகும்.

அப்போது எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். மாயாண்டி அங்கே பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கக்கூஸ் இருபது படிக்குக் கீழே. மற்றவர்கள் தன்னைத் தூக்கிப்போவது வெட்கமாக இருந்ததால் மனுசன் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். உதடு வெடித்துப்போன அந்த முகத்தைப் பார்த்து வேலாயி ஒரு முடிவு எடுத்தாள். "இனி என்ன ஆனாலும் இவர இங்க தூக்கிட்டு வரமாட்டேன்."

அதனால் அந்தக் கரை நிற்க வேண்டும். கரை நின்றால்தான் காம்பரா, காம்பரா இருந்தால்தான் மாயாண்டிக்குக் கட்டில்.

மூன்றாவது காம்பரா கஜேந்திரன் கொட்டகலையில் வாத்தியார். வார விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வருவான். புயலில் கெட்டுப்போன ஓடைகளையும் நீரேந்துப் பகுதிகளையும் சீர்செய்ய அரசாங்கம் உதவி தருகிறது, தூர்வாரி, கம்பிவலைக்குள் கல்லடுக்கிக் கரை கட்டித் தருவார்கள் என்று அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். விண்ணப்பமும் அவனே எழுதினான். மூன்று மாசம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயந்தரம், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு லயத்து வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்குக் காலையில ஓடையைப் பார்க்க ஆபிசர் வர்றாங்க. எல்லாம் ஒழுங்கா இருக்கணும், சரியா?"

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஒழுங்கா என்றால் என்ன அர்த்தம்? அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

"ஏய், எல்லாரும் வாங்கடி! குப்பையும் கூளமுமா ஆபிசருக்கு முன்னால நின்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்று வேலாயிதான் முதலில் மண்வெட்டியை எடுத்தாள். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா மட்டும், "கஜேந்திரன் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோமா அக்கா?" என்றாள்.

"இதுக்குமா வாத்தியாரக் கேக்கணும்? கூட்டுறதுக்குப் படிப்பு வேணுமாக்கும்!" என்று அவளை அடக்கிவிட்டாள்.

இருட்டுவதற்குள் பதினாறு பேர் சேர்ந்து லயத்துக்கு நேரே கிடந்த மண்ணையெல்லாம் வாரி, ஓடையைப் பளிச்சென்று ஆக்கினார்கள். கவாத்து மலையில் வெட்டிப்போட்டிருந்த தேயிலைக் குச்சிகளை, அந்த மிலாறை, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, கரை குடைந்துபோன இடத்தில் திணித்து, மேலே மண் போட்டு மிதித்தார்கள். ஆபிசர் கால் இடறி விழுந்துவிடக் கூடாதே என்று அந்த வெடிப்பை வேலாயி தன் கையாலேயே மூடினாள். மேலே மண்ணோடு பெயர்த்த புல்கரணையும் பதித்தாள். சுவரில் இருந்த கீறலைக்கூட விடவில்லை, களிமண் பூசி மெழுகினாள். எவ்வளவு அழகாகச் செய்தாள் தெரியுமா? அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மறுநாள் வந்தது பிரியந்தி என்ற சின்னப் பெண். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்துக்கு வந்தவள். நம்ம பிள்ளை ஒன்று ஆபிசராக வந்து நிற்கிறதே என்று வேலாயிக்குக் கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

பிரியந்தி கரையில் நடந்தாள், காலால் அழுத்திப் பார்த்தாள், நாடா பிடித்து அளந்தாள். பிறகு குழம்பிப்போய்க் கேட்டாள். "அம்மா, படிவத்துல பெரிய சேதம்னு எழுதியிருக்கு. இங்க உங்களுக்கு ஏதாவது ஆபத்தா இருக்குதா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மேலே ஓடை இன்னும் அடைத்துக்கொண்டுதான் கிடக்கிறது, இது நேற்று நாங்கள் மூடியது என்று ஒரு வார்த்தை. ஆனால் வீடு தேடி வந்தவளிடம் மூக்கைச் சிந்தி வேலாயிக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் கண்டாக்கு வேறு நின்றார்.

"ஒரு கொறையும் இல்லம்மா. நல்லா இருக்கோம். நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதும்."

அந்தப் பெண் நம்பிவிட்டாள். அவளை எப்படிக் குறை சொல்வது? இன்னும் பதினோரு இடம் பார்க்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

சனிக்கிழமை வந்த கஜேந்திரன் ஓடையைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "யாரு இத மூடுனது?"

"நாங்கதான் தம்பி. ஏன்?"

"அய்யோ அக்கா! அவங்க சேதத்தப் பார்க்கத்தானே வந்தாங்க. கண்ணால பார்த்தத வச்சுத்தானே எழுதுவாங்க!"

வேலாயிக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மாயாண்டி "என்ன புள்ள?" என்று குழறிக் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, தலவலி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கஜேந்திரன் பழைய போட்டோக்களை அனுப்பினான். ஆபிசுக்கு நாலு தடவை நடந்தான். கடைசியில் பதில் வந்தது. கரை உறுதியாக உள்ளது, பாதிப்பில்லை, மறுபரிசோதனை மற்ற இடங்கள் முடிந்த பிறகு. வேலாயியும் சும்மா இருக்கவில்லை. தான் மூடிய வெடிப்பைத் தானே தோண்டித் திறந்து வைத்தாள். தினமும் போய் அதைப் பார்ப்பாள். அது கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போனது.

வைகாசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் சிவப்பு எச்சரிக்கை வந்து, லயத்து ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வேலாயி மட்டும் போகவில்லை. போன தடவை மாயாண்டி பட்ட பாடு கண்ணுக்குள்ளேயே நின்றது. "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பின்சுவரில் அவள் பூசிய களிமண் பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான், அவளுக்கு எல்லா வைராக்கியமும் போய்விட்டது. மாயாண்டியின் கழுத்து வரை கம்பளியை இழுத்துவிட்டாள். "நாலு ஆள கூட்டிட்டு ஓடியாந்துர்றேன். பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

ஆள் கிடைத்தார்கள். கேட்டவுடனே, மழைக்குப் பள்ளி மூடியதால் ஊருக்கு வந்திருந்த கஜேந்திரனும் இன்னும் நாலு பேரும் புறப்பட்டார்கள். பாதி வழி இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. மேலே அடைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்து, கரையையும் கடைசி மூன்று காம்பராவையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தது. மாயாண்டியை மறுநாள் மத்தியானம் தேயிலைக்குள் கண்டெடுத்தார்கள். வேலாயி அழவில்லை. என்ன கேட்டாலும், "நான்தான் மூடுனேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பிரியந்தி மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை அவளால் அளக்கவே முடியவில்லை, நாடாவைக் கையில் பிடித்தபடி அழுதாள். பாதிப்பு என்று எழுதினாள். இடிந்தது போக மிச்ச லயத்தையும் காலி செய்தாயிற்றே, இனி யாருக்குக் கரை என்று மேலிடத்தில் கேட்டார்களாம். ஓடைக்குக் கீழே ரோட்டுப் பாலம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்ததும் உதவி வந்துவிட்டது.

ஆவணியில் வேலை தொடங்கியது. வேலாயி கொழுந்து எடுக்கும் மலையை ஆபத்து என்று மூடிவிட்டதால் பெரட்டில் அவளுக்குப் பேர் இல்லை. கல் சுமக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள், போனாள். பேச்சியம்மா கையைப் பிடித்து, "வேணாம் அக்கா, இந்த வேல உனக்கு வேணாம்" என்று கெஞ்சியும் கேட்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கல் சுமந்தாள்.

வேலை முடிந்த அன்று, வெளியூரிலிருந்து வந்திருந்த மேசன் றம்ஸான் கரையின் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்துக் காட்டினார். நல்ல மனுசன், தொழில் தெரிந்தவர்.

"பார்த்தீங்களா அம்மா, ஆன வந்து முட்டினாலும் அசையாது. இனி எந்த மழைக்கும் நீங்கள்லாம் நிம்மதியாப் படுக்கலாம். உங்க வூடு எந்தப் பக்கம்?"

வேலாயி கல்லைக் கீழே போட்டாள். கரைக்குப் பின்னால் கை நீட்டிக் காட்டினாள். றம்ஸான் திரும்பிப் பார்த்தார். வெறும் செம்மண்.

"அந்தா, அந்த மூலையிலதான் பாஸ் எங்க வூட்டுக்காரரு படுத்திருந்தாரு" என்றாள். அத்தனை மாசமாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.