அத்தான் போனுக்கு இன்னும் வரவில்லை

குடும்ப உறுப்பினர்கள் அனைவரின் மேலான கவனத்திற்கு: நமது கைப்பேசிகளில் மனிதகுலம் இதுவரை கண்டிராத மாபெரும் மாற்றம் ஒன்று நிகழவிருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் பேசப் பேச, அந்தப் பேச்சு தமிழிலேயே எழுத்தாகித் திரையில் ஓடும். இவ்வசதி எல்லாருக்கும் ஒரே நாளில் வராது. படிப்படியாகவே வந்து சேரும். வராதவர்கள் பதற்றமடையாமல் அவரவர் இடத்திலேயே அமர்ந்து காத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இதை வெளியிட்டது போன் கம்பெனி இல்லை. என் அக்காவின் கணவர். வெளியிட்ட இடம் எங்கள் குடும்பக் குழு. அதில் அத்தான், அக்கா, வெளிநாட்டில் வேலை பார்க்கப் போன அவர்கள் மகள், அதே வீட்டின் மாடி போர்ஷனில் குடியிருக்கும் நான் ஆகியோரைத் தவிர வேறு மனிதகுலம் கிடையாது. மகளுக்குத் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

அத்தான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “சற்று தாமதமாக வந்து சேரும், தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். ஒரு நாள்கூட வருந்தியவர் இல்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால் பஸ் கிளம்புவதே தன் தயவில்தான் என்கிற தோரணை வந்துவிடும். வீட்டிலும் அந்த மைக் அணைந்ததே இல்லை. குழம்பில் உப்பு குறைந்தால்கூட அறிக்கைதான்.

அந்த அறிவிப்பு அறையில் அவர் தலைக்கு நேர்மேலே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. ஊருக்கெல்லாம் கேட்கட்டும் என்று வைத்தது, அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இதை வீட்டில் எல்லாரும் அறிவோம், அவர் ஒருவரைத் தவிர. தனக்குப் பாம்புச் செவி என்பது அவர் கட்சி. கம்பெனிக்காரர்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

நேரில் பேசினால் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். போனுக்கு ஏது வாய்? அதனால் பாப்பா பேசும்போது ஒன்றுமே பிடிபடாமல், கைவசம் இருந்த பதில்களைச் சுழற்சி முறையில் சொல்லிவந்தார். சரிம்மா. உடம்பைப் பாத்துக்கோ. ரொம்ப சந்தோஷம். உண்மையைச் சொன்னால், அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கும் பேச்சில் இதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படுவதுமில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பாப்பா அவரைக் கூப்பிட்டு, வேலை போய்விட்டதென்று சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் முதலில் அவரிடம். அன்றைக்கு ரொம்ப சந்தோஷத்தின் முறை.

அதற்குப் பிறகு அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை. அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்று தடுத்தவர் அவர். இப்போது குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். காது மந்தம் என்று அக்கா எத்தனை முறை எடுத்துச் சொல்லியும், அப்பாவுக்குப் பரிந்து பேசாதே, காது கேட்காவிட்டால் அவரே சொல்லட்டும் என்றுவிட்டாள். அத்தானிடமும் நடந்ததைச் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. தெரிந்தால் மனுஷர் உடைந்துபோவார் என்று பயம். ஆக, மகள் ஏன் கூப்பிடுவதில்லை என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார். கௌரவம்.

ஆனால் ஏதோ சரியில்லை என்பது தெரிந்திருந்தது. அந்த எழுத்து வசதி அப்டேட்டாக வந்ததும் தானே பாப்பாவைக் கூப்பிடுவதாக என்னிடம் சொன்னார், வானிலை பற்றிச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

இப்படியாகக் காத்திருப்பு தொடங்கியது. கூடத்து ஜன்னலோரம், இன்டர்நெட் பெட்டிக்குக் கீழே ஒரு நாற்காலி. சிக்னல் அங்கேதான் அடர்த்தி என்பார். காலையில் நடக்கப் போவதை நிறுத்தினார். டீ குடிக்க எழுந்து போனவர்கள்தான் பஸ்ஸைத் தவறவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் டீயும் நாற்காலிக்கே வந்தது. சரிபார் என்ற பட்டனை அமுக்குவார். ஒரு வட்டம் சுற்றும். உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது என்று வரும்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. எதிரே வந்து நின்று, வாயசைவு தெரிய நிறுத்தி நிதானமாகச் சொல்வாள்: “எத்தனை பேரைப் பெஞ்சுல உக்கார வெச்சீங்க. இப்ப நீங்க கொஞ்சம் உக்காருங்க.”

பாப்பா போன வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஒரே கடை, ஒரே நாள், அத்தானுக்குக் கறுப்பு, அக்காவுக்குப் பச்சை. ஆகவே விதியின்படி என்ன நடக்கவேண்டுமோ அது நடந்தது. அப்டேட்டைப் பற்றி நினைத்தே பார்க்காத அக்காவின் போனுக்கு வந்து இறங்கியது. மாடியிலிருந்து நான் பேச, கீழே அவள் திரையில் என் பேச்சு எழுத்தாக ஓடியது. அத்தான் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்று இரவு கறுப்புப் போனைப் பச்சையின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்ததாக அக்கா சொன்னாள். ஒட்டுவாரொட்டியாக வந்தாலும் வரட்டும் என்றுதான்.

பச்சைப் போனிலேயே பாப்பாவைக் கூப்பிடலாமே என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அடுத்தவங்க டிக்கெட்ல ஏறுற பழக்கம் எனக்கு இல்ல, மாப்ள.”

அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாற்காலி, பட்டன், வட்டம். குழுவில் காலை அறிக்கை மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. மாபெரும் மாற்றம் போயிற்று, மனிதகுலம் போயிற்று, கடைசியில் “இன்னும் இல்லை” என்பதே அறிக்கையாக நின்றது. பாப்பா அதைப் படிப்பாள், பதில் போடமாட்டாள். அப்பாவுக்கு எதற்கு இந்த வசதி என்று அவள் யோசித்திருக்கலாம். புது சாமான் எது வந்தாலும் தலைமை தாங்குகிற மனுஷர் என்பதால் யோசிக்கவில்லை போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் வாங்கக் கீழே வந்தேன். அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் பச்சைப் போன் துடித்தது. திரையில் பாப்பா. அக்காவின் கையில் ஈரப் போர்வை. நீங்க எடுங்க என்று தலையால் ஜாடை காட்டினாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் எடுத்தார். காதில் வைக்கவில்லை, அந்தக் காலத்தில் கால அட்டவணையைப் பிடிப்பதுபோல முகத்துக்கு நேரே பிடித்தார். நான் மெல்ல எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன்.

எடுத்தது அம்மா என்று நினைத்துப் பாப்பா பேசிக்கொண்டே போனாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

“அம்மா, இன்னொரு இன்டர்வியூ போனேன். கிடைக்கும்னு தோணல. அப்பாகிட்ட சொல்லாத. வேலை போச்சுன்னு சொன்னப்பவே ரொம்ப சந்தோஷம்னாரு. இதுக்கும் அதையே சொன்னார்னா என்னால தாங்க முடியாதும்மா.”

அத்தான் அதைப் படித்தார். மேலே தள்ளி, முதலிலிருந்து மறுபடியும் படித்தார். தொண்டையைச் செருமினார். அறிக்கை ஒன்று தயாராகிறது என்று நினைத்தேன். பேட்டரி, கம்பெனிக்காரர்கள், சத்தம் என்று ஆரம்பிப்பார்.

“பாப்பா, அப்பா பேசறேன்,” என்றார். மைக் இல்லாத குரல். அப்படி ஒன்று அவரிடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. “எனக்குக் காது கேக்காதும்மா. ரொம்ப நாளாவே. நீ சொன்னது எதுவும் என் காதுல விழல.”

திரையில் “அப்பா” என்று ஒரு சொல் வந்தது. அதன் கீழே, அடைப்புக்குறிக்குள், இசை என்று வந்தது. விசும்பல் சத்தம் அந்தப் புத்திசாலி இயந்திரத்துக்கு இசைதான் போலிருக்கிறது.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் போனிடம் மிகவும் பவ்யமாகக் கேட்டார்: “பின்னாடி ஏதாவது பாட்டு ஓடுதாம்மா?”

சிரிப்பு என்று வந்தது. பிறகு மறுபடியும் இசை. பிறகு இரண்டும் மாறி மாறி. அக்கா போர்வையைப் பிழியாமலேயே உள்ளே வந்து நின்றாள். கூடம் முழுக்கத் தண்ணீர் சொட்டியது, அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் அன்று தன் கைவசம் இருந்த பதில்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அவள் பேசுவாள், இவர் படிப்பார், யோசித்துப் பதில் சொல்வார், அவ்வளவு தாமதத்துக்கும் உண்மையாகவே வருந்தினார். பேட்டரி தீரும்வரை பேசினார்கள்.

மறுநாள் குழுவில் அறிக்கை வரவில்லை. பாப்பாதான் எழுதியிருந்தாள்: காது டாக்டரிடம் போகவேண்டும், மாமா கூடப் போகவேண்டும், அப்பா பேச்சைக் கேட்டுக்கொண்டு பாதி வழியில் திரும்பிவரக் கூடாது. போனோம். டாக்டர் ஒரு சின்ன கருவியைக் கொடுத்தார். காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாதாம். போனில் பேசுவது நேரே காதுக்குள் விழுமாம். அத்தான் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். தனக்கு எடுப்பாகவே இருக்கிறதென்று அறிவித்தார். முதல் அழைப்பு பாப்பாவுக்குத்தான், அதுவும் கறுப்புப் போனிலிருந்துதான் என்று சொல்லி அதை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

அந்தக் கருவியை இணைக்க, போனில் அதே அப்டேட் வந்திருக்கவேண்டுமாம்.