கூறைச் சேலை மூட்டை

ஈர மணல் நிரப்பிய மூட்டை நிமிர்ந்து நிற்காது, பக்கத்து மூட்டைமேல் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் கிடக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் கரையோரம் அடுக்குவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். திரையில் தான் அடுக்கியிருந்த வெள்ளைச் சாக்கு மூட்டைகளைப் பார்த்துக் கலைமதி மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

திருச்சி மன்னார்புரத்தில் ஒரு மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த நிறுவனம். இலங்கையில் 2009இல் முடிந்த போரைப் பற்றி அங்கே ஒரு வீடியோ கேம் உருவாகிக்கொண்டிருந்தது. விளையாடுகிறவர் கையில் துப்பாக்கி கிடையாது. குண்டுவீச்சுக்கு நடுவே ஒரு குடும்பத்தை அழைத்துக்கொண்டு வன்னிக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி வெளியானதிலிருந்து எல்லாப் பக்கமும் திட்டு. சாவை விளையாட்டாக்குகிறீர்களா என்றது ஒரு மின்னஞ்சல். யார் சொல்லிச் செய்கிறீர்கள் என்றது இன்னொன்று. கலைமதிக்கு அதுவும் சேர்ந்து வேகத்தைத்தான் கூட்டியது. இடங்களையும் பொருள்களையும் உருவாக்குவது அவள் வேலை. அவை உண்மையாக இருந்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்று நம்பினாள்.

பக்கத்து நாற்காலி பானுமதி உரையாடல் எழுதுகிறவள். வன்னியில் பிறந்து, சிறுமியாக அந்தப் போரைக் கடந்து வந்து, கொட்டப்பட்டு அகதி முகாமில் வளர்ந்து, திருச்சியிலேயே படித்தவள். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"என்னடி இது, கொள்ளிடத்துல உடைப்பு அடைக்கிறியா? இத்தனை சாக்குக்கு நாங்க எங்க போறது? எல்லாம் சேலை. வெட்டி, பை மாதிரி தச்சு, மணலைப் போட்டுப் பங்கரைச் சுத்தி அடுக்குவாங்க."

பதுங்குகுழியைத்தான் அவள் பங்கர் என்பாள்.

கலைமதிக்கு உடம்பு சிலிர்த்தது. பூப்போட்ட, கட்டம்போட்ட, ஜரிகை மின்னும் பதுங்குகுழி. அப்படியொன்றை எந்த விளையாட்டிலும் அவள் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டைமாடியில் அம்மாவின் சேலைகளைக் கொடியில் விரித்துப் படமெடுத்தாள். வெயிலில் எடுத்தால் நிழல் விழுந்து துணியின் நிறம் கெட்டுவிடும். அதனால் வானம் மூடியதும் கேமராவோடு படியேறி ஓடினாள். அதே மேகத்தைப் பார்த்து வடாத்தை எடுக்க ஓடிவந்த கீழ்வீட்டு மாமி, புடவைக்கடை வைக்கப் போகிறாயா என்று கேலி செய்துவிட்டு, தன்னுடைய பழைய சுங்கடிகளையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லாவற்றையும்விடப் பதுங்குகுழியின் வாசல் மூட்டைக்குத்தான் கலைமதி பாடுபட்டாள். அது பானுமதியின் அம்மா கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச் சேலை. வேறு துணி இல்லாமல் போனபோது அதையும் வெட்டியிருந்தார்கள். பானுமதி சொல்லச் சொல்ல இவள் அரக்குச் சிவப்பை ஏற்றினாள், இறக்கினாள், மாம்பிஞ்சுகளை வரைந்தாள். முடிந்ததும் பானுமதியின் அம்மா போனுக்குப் படம் போயிற்று. கரை இன்னும் ரெண்டு விரல் அகலம் என்று ஒரு வரி வந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலைமதி கரையை அகலமாக்கினாள். திரும்ப அனுப்பிய படத்துக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் காலை பானுமதி வந்து சொன்னாள்.

"அம்மா அந்தப் படத்தைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பாத்துட்டே இருந்தாங்க. அந்தச் சேலையை அப்படியே மூட்டையா விட்டுட்டுத்தானே வந்தோம். பத்திரமா இருக்குடின்னாங்க."

அன்றைக்கே நிறுவனத்தை நடத்தும் அரவிந்தன் பதுங்குகுழியைப் பார்த்தார். இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். வெளிநாட்டில் இந்த விளையாட்டை வெளியிடப் போகிறவர்களிடம் உடனே பேசிவிட்டு, முகம் மலரக் கலைமதியின் மேசைக்கு வந்தார். அவர்களுக்கு ட்ரெய்லர் வேண்டுமாம். ஷெல் குண்டு வந்து விழ வேண்டும். வாசலில் இருக்கும் அந்தச் சிவப்பு முதலில் கிழிய வேண்டும், பிறகு ஒவ்வொரு சேலையாக, மெதுவாக, வானமெல்லாம் நிறம் பறக்க வேண்டும்.

"நடந்ததைத்தானே காட்டுறோம் கலைமதி. இதை நீங்க ஒருத்தர்தான் பண்ண முடியும். உங்க பேர்லயே போகும்."

அவர் பேசி முடிப்பதற்குள் அவளுக்குள் அது ஓடத் தொடங்கியிருந்தது. பட்டு பருத்தியைப் போல நேராகக் கிழியாது. ஜரிகையில் ஒரு நொடி மாட்டி நின்று, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். துணி போன பிறகும் மணல் ஒரு கணம் மூட்டையாகவே நிற்கும், அப்புறம்தான் கொட்டும். அழகாக இருக்கும். மொட்டைமாடிக்கு ஓடியபோது அடித்த அதே வேகத்தில் நெஞ்சு அடித்தது. விரல்கள் மவுஸின் மேல் தாமாகவே போய் உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

பக்கத்தில் பானுமதி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.

கலைமதி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிக் கிழியும்னு எனக்கு நல்லாத் தெரியும் சார்," என்றாள். "நான் பண்ணல."