கப்பல் படைப் பையன்

தனகோட்டி செட்டியாரின் மகன் கோதண்டராமன் கப்பல் படை உடுப்போடு செஞ்சி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியது 1961ஆம் வருடத் தீபாவளிக்கு முந்தின நாள். கடலூரில் பி.யு.சி. படிக்கப் போனவன், அங்கே கல்லூரி மாணவர்களுக்கென்று இருந்த கடற்படைப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தைச் சுற்றி நீலப் பட்டை, தலையில் தட்டையான வட்டத் தொப்பி. கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கப்பலை எங்கே நிறுத்திவிட்டு வந்தாய் என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே கல்லாவில் உட்கார்ந்திருந்த செட்டியார் எழுந்து வெளியே வந்து மகனைப் பார்த்தார். பிறகு கூட வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் அவனுடைய அம்மா நீலாவதிக்கு அந்த உடுப்பு பிடிக்கவே இல்லை. சேர்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். துடுப்புப் போடவும் கயிற்றில் முடிச்சுப் போடவும் கொடியைக் காட்டிச் சேதி சொல்லவும் கற்றுக்கொடுப்பார்கள், அவ்வளவுதான், சண்டைக்கெல்லாம் யாரும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று அவன் சொன்னான். அவளுக்குச் சமாதானமாகவில்லை. அவள் கடலைப் பார்த்ததில்லை. செஞ்சியில் தண்ணீர் என்றால் கோட்டைக்குள் இருக்கிற குளங்கள், வயல் கிணறுகள், மழை பெய்தால் ஏரி.

பச்சமுத்து கூட இருக்கிறான் என்பதுதான் அவளுக்கு ஒரே தைரியம். பக்கத்து ஊரான சிங்கவரத்து விநாயகத்தின் ஒரே மகன் அவன். விநாயகம் வருடாவருடம் தன் மல்லாட்டையைச் செட்டியார் மண்டிக்குத்தான் கொண்டுவருவார். பிள்ளைகள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஒரே கல்லூரி, விடுதியில் ஒரே அறை. கோதண்டராமன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி விநாயகத்தின் கிணற்றில் அவனுக்கு நீச்சல் பழக்கிவிட்டதே பச்சமுத்துதான். அவன் மோட்டார் கொட்டகை மேலிருந்து தலைகீழாகக் குதித்து, அடியில் போய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு வருவான்.

அந்தத் தீபாவளிக்கு அவன் வேட்டி சட்டையோடு வந்து அதிரசம் சாப்பிட்டான். நீயும் இதில் சேர்ந்தாயா என்று நீலாவதி கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, நைனா விடமாட்டார் என்றான். அது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். விநாயகத்தின் தம்பி பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. என்ன ஆனான் என்றுகூடத் தெரியாமல் போயிற்று. மகனைக் கல்லூரிக்கு அனுப்பும்போது விநாயகம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார். படிப்பைத் தவிர எந்தப் படையும் உடுப்பும் கூடாது.

“அவன நான் பாத்துக்கறேன் பெரிம்மா” என்று பச்சமுத்து நீலாவதியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

பொங்கலுக்கு வந்த பையன்கள் திரும்பிப் போய் இரண்டு வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, செட்டியார் மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போஸ்ட் மாஸ்டர் சம்பந்தம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

“கடலூர்லேருந்து ட்ரங்க் கால் வந்துது செட்டியாரே. சரியா காதுல விழல. செஞ்சிப் பையன், கப்பல் படையில சேந்திருக்கற பையன்னு சொன்னாங்க. நேத்து கடல்ல எறங்கியிருக்கான். கரைக்கு வரல. பொழுது சாய ஒடம்பு கெடச்சுதாம்.” கொஞ்சம் நிறுத்தி, “பேரு கேக்கறதுக்குள்ள லைன் போயிடுச்சு” என்றார்.

பேர் கேட்கத் தேவையிருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. செஞ்சியில் கப்பல் படைப் பையன் ஒருவன்தான்.

நீலாவதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். போஸ்ட் மாஸ்டரைப் பார்த்து, காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள். அடுத்த வீட்டு ரத்தினம்மாள் ஓடிவந்து பார்த்தபோது, பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து கிடந்தது. எதிரில் நீலாவதி கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். டம்ளரை விரல் விரலாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

செட்டியார் திரும்பப் பேசிப்பார்க்க முயன்றார். கடலூர் லைன் கிடைக்கவில்லை. வாடகைக்கு ஒரு பிளஷர் காரைப் பிடித்துக்கொண்டு மைத்துனரோடு கிளம்பிவிட்டார். கார் போன பிறகு வீடு நிறையத் தொடங்கியது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் கதவைச் சாத்தின. வெளியே ஆண்கள் நின்றார்கள். கூடத்தில் பெண்கள் நீலாவதியின் தலையை அவிழ்த்துவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பச்சமுத்துவின் அம்மா ராஜாம்பாள் வந்தாள். வயலில் நின்றவள் சேதி காதில் விழுந்ததும் அப்படியே சிங்கவரத்திலிருந்து ஓடிவந்திருந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வந்த வேகத்தில் நீலாவதியைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். எங்கள் கிணற்றில்தானே நீஞ்சப் பழகினாய், எங்கள் வீட்டில்தானே கூழ் குடித்தாய் என்று கோதண்டராமனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் நீலாவதிக்குத் தொண்டை திறந்தது. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அழுதார்கள்.

நடுவில் ஒருமுறை நீலாவதி, “உன் புள்ள நல்லாருக்கானா?” என்று கேட்டாள்.

“இருக்கான்க்கா. அவன் இதுக்கெல்லாம் போவல. அவங்க நைனா வாணாம்னுட்டாரு.”

நீலாவதி தலையை ஆட்டினாள். உன் வீட்டுக்காரருக்கு இருந்த புத்தி எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாமல் போயிற்றே என்றாள். தன் பிள்ளை உயிரோடு இருப்பதே அந்த இடத்தில் குற்றம் போல, ராஜாம்பாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வெயில் ஏறிவிட்டது. வெளியே நின்ற ஆண்களிடம் பேச்சு சட்டென்று நின்றது. யாரோ ஒரு பெண் வாசலில் அலறினாள். கூட்டம் விலகிய இடத்தில் கோதண்டராமன் நின்றுகொண்டிருந்தான். கசங்கிய சட்டை, வீங்கிய கண்கள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர். அவனுடைய கல்லூரி ஆசிரியர் பாலசுப்பிரமணியன் அவர்; கடற்படைப் பிரிவைக் கவனித்துக்கொண்டவரும் அவர்தான். பஸ்ஸில் வந்திருந்தார்கள். வழியில் எங்கேயோ அவர்களைத் தாண்டித்தான் செட்டியாரின் கார் போயிருக்க வேண்டும்.

அவன் கண்ணில் பட்டது தன் வீட்டு வாசலில் கூட்டமும், கூடத்தில் தலைவிரி கோலமாக அம்மாவும்தான். அப்பாவைக் காணவில்லை.

“நைனாவுக்கு இன்னாம்மா ஆச்சு?”

நீலாவதி எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்குப் பிற்பாடு நினைவில்லை. அவன் முகத்தைத் தடவினாள், தோளைப் பிடித்து அழுத்தினாள், கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தெரு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. அழவந்தவர்களும் சிரித்தார்கள். போஸ்ட் மாஸ்டர் சம்பந்தம் கையெடுத்துக் கோட்டை மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் ராஜாம்பாள்தான். அவள் ஓடிவந்து கோதண்டராமனின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெரித்தாள். சிங்கவரத்துப் பெருமாளுக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றாள். கோதண்டராமன் அவளைப் பார்த்ததும் ஓர் அடி பின்னுக்குப் போனான். இந்த அம்மா யார் என்று ஆசிரியர் மெல்லக் கேட்டார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராஜாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“பச்சமுத்து வரல?”

கோதண்டராமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அவனும் சேந்திருந்தான் சின்னம்மா. நான் பேர் குடுத்த அன்னிக்கே அவனும் குடுத்துட்டான். உங்க யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினான். உடுப்பக்கூட என் பெட்டியிலதான் வெச்சிருந்தான்.”

அடுத்த மாதம் நீச்சல் போட்டி இருந்தது. நேற்று விடுமுறை. மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் பழகுவதற்காகத் தேவனாம்பட்டினம் பக்கம் ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் போயிருக்கிறான். அங்கே இறங்காதே என்று செம்படவர்கள் கரையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் கையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறான். மீதியை ஆசிரியர்தான் சொன்னார். கோதண்டராமனால் முடியவில்லை.

ராஜாம்பாள் அழவில்லை. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல அவனிடம் சொன்னாள்.

“இல்ல சாமி. அவன் சேரல. நீ சேந்த. அவங்க நைனா வாணாம்னு சொல்லிட்டாரு, அவன் சரின்னான். நான் பக்கத்துல இருந்தேன்.”

ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, வேறு யாராவது பையனாக இருக்கும், பேரை மாற்றி எழுதியிருப்பீர்கள் என்றாள். அவன் அந்தப் படையில் சேரவில்லை என்பதை மட்டும் நிலைநாட்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் பொய்யாகிவிடும் என்பது போல அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்த சிரிப்பு இன்னும் சுற்றி நின்ற சிலர் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நீலாவதியின் கை மகனின் தோளில் இருந்தது. போய் ராஜாம்பாளைப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆனால் மகனின் தோளை விட்டுக் கை வரவில்லை. விட்டால் அவன் போய்விடுவான் என்று இருந்தது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லை என்று சொல்லிவிட்டு ராஜாம்பாள் கிளம்பினாள். வந்த வழியே சிங்கவரத்துச் சாலையில் நடந்தாள். ரத்தினம்மாளும் இன்னும் நான்கைந்து பெண்களும் பின்னாலேயே போனார்கள். பாதி வழியில், ஏரிக்கரையில் அவள் விழுந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கடலூர் ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது செட்டியார் சத்தமாக, “எம்புள்ள இல்ல” என்றாராம். அப்படியானால் யார் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னொரு முறை பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, “எங்க ஊர்ப் புள்ளதான்” என்றிருக்கிறார். இதை அவர் மனைவியிடம் ஒரே ஒருமுறை சொன்னார். காரின் பின் இருக்கையில் பச்சமுத்துவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் சிங்கவரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான்.

விநாயகம் கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஆசிரியரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் படையில் பையன் எப்படி இருந்தான் என்று கேட்டார். துடுப்புப் போடுவதில் அவன்தான் முதல், வரும் கோடையில் அவனை உண்மையான கப்பலுக்கே அனுப்புவதாக இருந்தோம் என்றார் ஆசிரியர்.

“எங்கிட்ட சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன். அதான் சொல்லல” என்றார் விநாயகம். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

கோதண்டராமன் கல்லூரிக்குத் திரும்பியதும் கடற்படைப் பிரிவிலிருந்து விலகிக்கொண்டான். யாரும் அவனை விலகச் சொல்லவில்லை. அந்த வருடம் விநாயகம் தன் மல்லாட்டையைத் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். மனத்தாங்கல் ஒன்றுமில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். செஞ்சிக் கடைத்தெருவுக்குள் வரக் கால் வரவில்லை, அவ்வளவுதான். நீலாவதி சாவுக்குப் போனாள், பதினாறாம் நாள் போனாள். இரண்டு முறையும் ராஜாம்பாள் முகத்தைப் பார்க்காமலே கூட்டத்தோடு உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டாள்.

வைகாசியில் ஒருநாள் நீலாவதி காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ் நிலையத்தில் ராஜாம்பாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. எங்கே போகிறாய் என்று கேட்பதற்குள் அவளே, கடலூருக்குப் போகிறேன், வீட்டில் சொல்லவில்லை என்றாள். விழுப்புரம் பஸ் வந்தது. அவள் ஏறினாள். நீலாவதி காய்ப்பையைப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வைத்துவிட்டு, வீட்டில் சொல்லிவிடச் சொல்லி, தானும் ஏறிவிட்டாள்.

விழுப்புரத்தில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு நீலாவதி ஜன்னலைப் பார்த்தபடியே, “அன்னிக்கு நான் சிரிச்சிட்டேன் ராஜாம்பா” என்றாள்.

“நானுந்தானேக்கா சிரிச்சேன்” என்றாள் ராஜாம்பாள்.

கடலூரில் இறங்கி வழி கேட்டுக் கேட்டு நடந்தார்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் இரைச்சல் கேட்டது. மணல்மேடு ஏறிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. நீலாவதிக்குத் தலை சுற்றியது. அக்கரை என்று ஒன்று இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ராஜாம்பாள் மேட்டிலிருந்து இறங்கி ஈரமணல் வரை போனாள். நீலாவதி பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அலை வந்து இருவர் கால்களையும் நனைத்துவிட்டு மணலை இழுத்துக்கொண்டு திரும்பியது. ராஜாம்பாள் அங்கேயும் இங்கேயும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் அழுகை இல்லை. கண்ணெதிரே இருப்பதை நம்ப முடியாதவளாக நின்றாள்.

“இவ்ளோ பெருசுன்னு யாருமே சொல்லலியேக்கா” என்றாள். “இதுலயா எறங்கினான் எம்புள்ள?”

நீலாவதி கையை விடாமல் நின்றாள். தூரத்தில் செம்படவர்கள் படகைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.