சிக்னலில் நின்ற கார்

இடது காலுக்கு விடுதலை கிடைத்ததே மனித நாகரிகத்தின் உச்சம் என்று, கிளட்ச் இல்லாத புது ஆட்டோமேட்டிக் காரை ஓட்டியபடி ராமுலு முழங்கினார். பக்கத்தில் வெங்கிடபதி. அவர் மகளை ராமுலுவின் மகனுக்குத் தருவது இன்றுதான் முடிவாக வேண்டும்.

அவிநாசி ரோட்டு சிக்னலில் நின்றதும் ராமுலு பழைய பழக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பச்சை விழுந்தது. மிதித்தார். இன்ஜின் அலறியது, கார் அசையவில்லை.

“என்னாச்சுங்க?”

“ஒண்ணும் புரியலீங்க! சூடாயிருச்சோ என்னமோ.”

“ஏனுங்ணா, வண்டி தூங்குதுங்களா?” என்றார் பின்னாலிருந்த பஸ் டிரைவர்.

“நீங்க உக்காருங்க, நான் தள்ளறனுங்க” என்று வெங்கிடபதி இறங்கினார்.

கியர் நியூட்ரலில் இருந்ததை அவர் முதலிலேயே பார்த்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவிடம் தப்பைச் சொல்லக் கூடாதென்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் தள்ளினார்.